புதிய மீன் தொட்டியில் பாசி: தண்ணீரைக் கொட்டாதீர்கள், வெயிலை மறையுங்கள்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறோம். மகள் ஆசைப்பட்டதால் இரண்டடி நீளத் தொட்டி ஒன்று வாங்கி, கிணற்று நீர் நிரப்பி, ஆறு தங்கமீன்கள் விட்டோம். மூன்று வாரம்தான் ஆகிறது. முதலில் கண்ணாடியில் மண்ணிறப் படிவு வந்தது. இப்போது தண்ணீரே பச்சையாகி மீன்கள் தெரிவதில்லை. இரண்டு முறை முழுத் தண்ணீரையும் கொட்டி, மணல், வடிகட்டிப் பஞ்சு எல்லாவற்றையும் கழுவிவிட்டோம். சில நாட்களில் மீண்டும் பச்சை. தொட்டி கிழக்கு ஜன்னலருகே இருக்கிறது. பாசிக்கு மருந்து ஊற்றலாமா? ‘டேங்க் கிளீனர்’ மீன் வாங்கி விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முழுத் தண்ணீரையும் கொட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் தொட்டியில் வந்தவை இரு வேறு பாசிகள். மண்ணிறப் படிவு டயட்டம் எனப்படும் நுண்ணுயிர். விரலால் தேய்த்தால் மாவாகக் கழன்று வரும். புதிய மணலிலும் நீரிலும் கரைந்திருக்கும் சிலிக்காவால் வளர்வது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஓய்ந்துவிடும். துடைத்துவிட்டால் போதும். பச்சை நீரின் கதை வேறு. வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் தொட்டி நீரை அள்ளிப் பாருங்கள். அடியில் எதுவும் படியாமல் நீர் முழுவதும் இளம்பச்சையாகத் தெரிந்தால், ஒற்றைக் கலப் பாசிகள் அதில் மிதக்கின்றன என்று பொருள். பஞ்சில் சிக்காத அளவுக்கு அவை நுண்ணியவை.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் பஞ்சிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். நீங்கள் பஞ்சையும் மணலையும் கழுவிய ஒவ்வொரு முறையும் அந்தக் குடியேற்றம் கலைந்துபோயிற்று. அமோனியா தேங்கியது, பாசிக்கு அது உரம், மீனுக்கோ நஞ்சு. இனிப் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து அதில் மெதுவாகப் பிழிந்தெடுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரில் அலசவே கூடாது.

அடுத்தது வெயில். என் பார்வையில் முதல் குற்றவாளி உங்கள் கிழக்கு ஜன்னல்தான். கடற்கரையோர வீட்டில் காலை ஆறரைக்கே சுள்ளென்று வெயில் உள்ளே வந்துவிடும். எந்த எல்.ஈ.டி. விளக்கும் அதற்கு ஈடாகாது. கச்சான் எனும் சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் நீரும் சூடேறி, பாசி இன்னும் வேகமாகப் பெருகும். தொட்டியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். நிறைந்த தொட்டியை அப்படியே தூக்க வேண்டாம். அடியிலுள்ள ஒட்டுப் பிளந்துவிடும். முக்கால்வாசி நீரைச் சுத்தமான வாளிகளில் இறக்கிவைத்து, மீன்களையும் பஞ்சையும் அந்த நீரிலேயே விட்டு, தொட்டியை நகர்த்திய பின் அதே நீரை ஊற்றுங்கள். நகர்த்த இடமில்லையென்றால் ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள்.

பிறகு கறுப்புத் துணியால் தொட்டியை நான்கு நாட்கள் முற்றாக மூடிவையுங்கள். எட்டிப்பார்க்க மகள் ஆசைப்படுவாள். விளக்கைப் போடாமல் பார்த்தால் பரவாயில்லை. இருட்டில் பாசி ஒட்சிசனை வெளிவிடாது, உறிஞ்சும். சூடான நீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. ஆகவே காற்று மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே துணியை விலக்கி, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுங்கள். அந்நாட்களில் இரை வேண்டாம். நலமான தங்கமீன் நான்கு நாள் பட்டினியைத் தாங்கும். துணியை எடுத்ததும் பாதி நீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகி மறுபடி அமோனியா ஆகாமலிருக்க. அதன்பின் வாரம் ஒருமுறை கால்வாசி நீர், நாளுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கு, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு இரை.

கிணற்று நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் கிணறுகள் ஆழமற்றவை, வீடுகள் நெருக்கமானவை. மலசலகூடக் குழியிலிருந்து கசிவது மணல் வழியே கிணற்றுக்கு வர அதிக தூரம் இல்லை. அப்படி வந்தால் நீரில் நைத்திரேற்று மிகுந்திருக்கும். ஊற்றும் ஒவ்வொரு வாளியும் பாசிக்கு உரமாகும். மீன் கடைகளில் கிடைக்கும் நைத்திரேற்றுச் சோதனைத் தாளைத் தொட்டி நீரில் நனைப்பதற்கு முன், கிணற்று நீரில் நனைத்துப் பாருங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் முறையான பரிசோதனைக்குக் கொடுங்கள். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வகுத்த எல்லை அதுதான். முடிவு வரும்வரை அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, செறிவுதான் கூடும். தொட்டிக்குக் குழாய் நீர் எடுத்தால், வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்து, குளோரின் நீங்கிய பின் ஊற்றுங்கள்.

உங்கள் தொட்டி ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டதென்றால், அதில் நிற்பது ஏறத்தாழ 50 லீற்றர். ஆறு தங்கமீனுக்கு அது போதவே போதாது. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, நிறையக் கழிவை விடுவது. பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது அவற்றைக் கொடுத்துவிட்டு, இதில் மொலி மீன் வளர்க்கலாம் என்பது என் யோசனை. நம் பக்கத்துச் சூட்டையும் கடினமான கிணற்று நீரையும் மொலி தாங்கும். கண்ணாடியில் படியும் பாசியையும் கொறிக்கும்.

மருந்து பாசியை மொத்தமாகக் கொன்று அழுகவைக்கும். செம்பு கலந்த மருந்தானால் நத்தையும் இறாலும் மிஞ்சாது. டேங்க் கிளீனர் பச்சை நீரைத் தெளியவைக்காது. அது பரப்பில் ஒட்டியதைச் சுரண்டும் மீன். ஓரடிக்கு மேல் வளர்ந்து, தானே பெருங்கழிவு விடும். இடம் போதாமல் அதைக் குளத்திலும் ஆற்றிலும் விட்டவர்களால்தான் இலங்கையின் நன்னீர்நிலைகளில் அது ஆக்கிரமிப்பு மீனாகப் பரவியிருக்கிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். வாவியிலோ, கடலில் கலக்கும் ஓடையான தோணாவிலோ விடாதீர்கள்.