டல்லாஸிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை டென்ட் போட எந்த ஸ்டேட் பார்க் நல்லது?

க்ளென் ரோஸ் ஊரிலுள்ள டைனோசர் வேலி. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

எஞ்சான்டட் ராக் பார்க்குக்குப் போகச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே டென்ட் பக்கத்தில் கார் நிற்காது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப்போய், பார்க்கிங்கிலிருந்து எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அழுகிற பிள்ளையோடு அது வேண்டாம். முதல் தடவைக்குக் கார், தண்ணீர்க் குழாய், கரன்ட் மூன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சைட் (டென்ட் போடும் இடம்) புக்கிங் ஐந்து மாதம் முன்பே திறக்கும். அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஸ்பிரிங் பிரேக் பள்ளி விடுமுறையை விட்டுவிட்டு, ஞாயிறு முதல் வியாழன் வரை பார்த்தால் கிடைக்கும். ஒரு சைட்டுக்கு 8 பேர்தான். மூன்று குடும்பமாகப் போனால் அடுத்தடுத்த எண்களில் இரண்டு சைட் எடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. நம்மவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

"கரன்ட் இருந்தால் அது கேம்பிங்கே இல்லை" என்று கமென்ட் போடுபவர்களுக்கு: பிள்ளைக்கு நெபுலைசர் வைக்க வேண்டிய வீடுகளும் உண்டு. ஆர்.வி. (வீடுபோன்ற வண்டி) நிறுத்தும் சைட்டின் மின் இணைப்புக் கம்பத்தில் 30, 50 ஆம்ப் இணைப்புகளோடு பெரும்பாலும் சாதாரண 20 ஆம்ப் பிளக்கும் இருக்கும். வெளிப்புற உபயோகத்துக்கான 50 அடி எக்ஸ்டென்ஷன் கார்டு போதும். 20 ஆம்ப் என்றால் 2,400 வாட். 1,800 வாட் இண்டக்‌ஷனையும் 700 வாட் ரைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழலாம். சோறு வெந்த பிறகு குழம்பைச் சுட வையுங்கள்.

டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் அந்தக் கல் பூமியில் வளைந்துவிடும். தடித்த இரும்பு முளைகளும் சுத்தியலும் தனியாக வாங்குங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் அடிப்பரப்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேலே வழியும் மழைநீரை அதுவே வாங்கி அடியில் தேக்கும். "டென்ட் ஒழுகுது" என்ற புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். இன்னொரு காரணம் குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடுவது: மூச்சுக்காற்றின் ஈரம் உள்கூரையில் படிந்து விடியற்காலையில் சொட்டும். மேல் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். காற்று மெத்தையில் குளிர் கீழிருந்துதான் ஏறும். இரண்டு போர்வை இருந்தால் ஒன்று முதுகுக்கு அடியில் போக வேண்டும்.

டென்ட்டை விரிப்பதற்கு முன் ஃபயர் ஆன்ட் (கொட்டும் சிவப்பு எறும்பு) புற்று இருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். கூலரை இரவில் காருக்குள் வையுங்கள், ரக்கூன் மூடியைத் திறந்துவிடும். விறகு பொறுக்க அனுமதி இல்லை, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) தீத்தடை இருந்தால் விறகே எரிக்க முடியாது என்பதால் கேஸ் ஸ்டவ் கட்டாயம். இட்லி மாவு காரிலேயே பொங்கி வழியும். கடுகு தாளித்து வறுத்த ரவை நல்லது, கொதிநீரில் கொட்டினால் பத்து நிமிடத்தில் உப்புமா.

டைனோசர் வேலியில் ஓடும் பலாக்ஸி ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் டைனோசர் காலடித் தடங்கள் தெரியும். கோடை இறுதியில் நன்றாகத் தெரியும், ஆனால் அப்போது டென்ட்டுக்குள் வெந்துபோவீர்கள். மழை பெய்த மறுநாள் போனால் கலங்கல் தண்ணீர்தான். கிளம்புமுன் பார்க்குக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

நிழல்தான் முக்கியம் என்றால் டைலர் ஸ்டேட் பார்க்: பைன் மரங்கள், 64 ஏக்கர் ஏரி.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபேர்ஃபீல்டு லேக் என்றொரு பார்க் இருந்தது. நிலம் மின் நிறுவனத்துடையது. அரசு குத்தகைக்குத்தான் வைத்திருந்தது. நிலம் கட்டுமானக்காரர் கைக்குப் போக, 2023 ஜூனில் மூடினார்கள். டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளின் நூற்றாண்டு ஆண்டு அது! கையகப்படுத்தப் பார்த்த அரசு, இழப்பீடு 40 கோடி டாலரைத் தாண்டியதும் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் புது பார்க்குகளுக்கு நிலம் வாங்க 100 கோடி டாலர் நிதிக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அந்த நிதி இரண்டு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். ஹூஸ்டன் சொந்தக்காரர்களை நடுவழியில் சந்திக்க வசதியான இடமாக ஃபேர்ஃபீல்டுதான் இருந்தது. இப்போது ஹன்ட்ஸ்வில் பார்க்தான் வழி: அவர்களுக்கு ஒரு மணி நேரம் சொச்சம், உங்களுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.