சளி பிடித்தால் டிகிரி காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது, மிளகு ரசம் மட்டும் அதே காரத்தோடு இருக்கிறதே, ஏன்?

காபியின் ருசியில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ரசத்தின் காரம் வலி நரம்பின் வேலை. சளி அடைப்பது முதலாவதை மட்டும்தான்.

நாக்குக்குத் தெரிந்தவை ஐந்தே: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. உமாமி என்பது தக்காளியிலும் காளானிலும் இருக்கும் குளுட்டமேட்டின் சுவை. அறுசுவைக் கணக்கில் வரும் கார்ப்பும் துவர்ப்பும் சுவை மொட்டுகளைச் சேர்ந்தவை அல்ல. வாழைப்பூவும் பாக்கும் வாயை இழுப்பது, அவற்றிலுள்ள டானின் எச்சிலின் புரதங்களைப் பிடித்துக்கொண்டு வழவழப்பைப் போக்கிவிடுவதால்தான். பெரும்பாலும் அது தொடுவுணர்ச்சி. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த நாக்குப் படத்தையும் மறந்துவிடலாம். மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் ஐந்தும் தெரியும்.

மூக்கின் பங்கு எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் ஏலக்காயின் விதைகளைப் பொடித்து அரை டீஸ்பூன் சர்க்கரையோடு கலந்துகொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அதை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பு தெரியும், நறநறப்பு தெரியும், ஏலக்காய் தெரியாது. விழுங்கிவிட்டு மூக்கை விட்டு, வாயை மூடியபடியே மூச்சை வெளியே விடுங்கள். அந்தக் கணமே ஏலக்காய் வந்துவிடும். வாசனை முன்பக்கத் துவாரத்தால் மட்டும் போவதில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்வழியாக மேலேறுகிறது. மூக்கின் உச்சியில் சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு சவ்வில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991-இல் கண்டுபிடித்தார்கள், 2004-இல் நோபல் கிடைத்தது. அந்தச் சவ்வுக்குப் போகும் இடுக்கு மிகக் குறுகலானது. சளி பிடித்து, சுற்றியுள்ள சதை வீங்கினால் வழி அடைபட்டு, காற்று மேலே எட்டுவதில்லை. கும்பகோணத்தில் எவ்வளவு நல்ல டிகாஷன் இறக்கினாலும் அப்போது மிஞ்சுவது கசப்பு, சர்க்கரை, சூடு, பாலின் கெட்டித்தன்மை, அவ்வளவுதான். திருவையாறு அசோகாவும் அப்படியே: இனிப்பும் நெய்யின் வழுக்கலும் இருக்கும், வறுத்த பாசிப்பருப்பின் மணம் இருக்காது.

காரம் வேறு தடம். முகம், மூக்கு, வாய் ஆகியவற்றின் வலி, சூடு, தொடுகை எல்லாவற்றையும் மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் கபால நரம்பு (டிரைஜெமினல்). அதன் வலி இழைகளில் டிஆர்பிவி1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடுபட்டால் திறந்து ‘சுடுகிறது’ என்று செய்தி அனுப்புவது அதன் வேலை. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதே புரதத்தைத் திறந்துவிடுகின்றன. டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-இல் கேப்சைசினை வைத்து இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கும், அழுத்தத்தை உணரும் பியசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல். ஆகவே கொதிக்கக் கொதிக்க ஊற்றிய ரசத்தில் சூடும் பைப்பரினும் ஒரே கதவைத் தள்ளுகின்றன. ரசம் ஆறினால் காரம் குறைந்த மாதிரி இருப்பதும் இதனால்தான். தொண்டை புண்ணாக இருந்தால் அழற்சியால் அந்த 43 டிகிரி வரம்பே கீழே இறங்கிவிடும். வழக்கமான ரசமே அதிகம் எரியும்.

நெற்றியிலும் மூக்கிலும் தைலம் தடவியதும் ‘மூக்கு திறந்துவிட்டது’ என்பார்கள். தைலத்திலுள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 புரதத்தைத் தூண்டுவதால் நிறையக் காற்று போவது போலத் தோன்றுகிறதே தவிர, வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் வாசனை போய்விட்டதா என்று தைலத்தையோ நறுக்கிய வெங்காயத்தையோ வைத்துச் சோதிக்காதீர்கள். வாசனை முழுதும் போனவருக்கும் அவை ‘சுள்’ளென்று தெரியும், பதில் சொல்வது டிரைஜெமினல். காபிப் பொடிதான் சரி. கண்ணை மூடி, ஒரு துவாரத்தை அடைத்து, இன்னொன்றின் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும், பிறகு மறுபக்கம்.

சாதாரணச் சளி என்றால் ஓரிரு வாரத்தில் வாசனை திரும்பும். மூக்கடைப்பு விட்ட பிறகும் வரவில்லை என்றால் வைரஸ் அந்தச் சவ்வையே தாக்கியிருக்கலாம். அதற்கு வாசனைப் பயிற்சி உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கின் வாசனைத் தைலங்களையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக 15 முதல் 20 விநாடி மெதுவாக முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வாசனை நரம்பணுக்கள் புதிதாக வளர்ந்து வர அது போதாது. இந்தத் தைலங்களை மூக்குக்குள் விடக்கூடாது, முகர மட்டும்தான். ஒரு மாதம் தாண்டியும் மாற்றம் இல்லையென்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் வாசனை போயிருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்ட பிறகு போயிருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மூக்கு சரியாக இருந்து நாக்கு மட்டும் மந்தமாக இருக்கிறது என்றால் வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் வாய் வெந்ததா என்று பாருங்கள். சுவை அணுக்கள் பத்து நாளுக்கு ஒருமுறை போலப் புதுப்பிக்கப்படுகின்றன, புண் ஆறினால் சுவையும் வந்துவிடும்.

கேள்வியில் இல்லை, ஆனால் இதைக் கேட்பவர்கள் அடுத்து கேட்பது: காரம் தாங்கவில்லை என்றால் என்ன செய்வது? தண்ணீர் உதவாது, கேப்சைசின் அதில் கரையாது. ஒரு வாய்ப் பாலையோ கெட்டித் தயிரையோ அரை நிமிடம் வாயில் வைத்திருந்து விழுங்குங்கள். கொழுப்பில் கேப்சைசின் கரையும், கேசின் புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயைவிட மோர்மிளகாய் இதமாக இருப்பதாகச் சொல்வதை அவரவர் நாக்குக்கே விட்டுவிடலாம். மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் சிலருக்கு அங்கே எரிச்சல் தெரியாமலும் போகலாம். அதே கையால் கண்ணைத் தொட்டால்தான் தெரியும்.