ஹார்ன் இல்லாத காரும் பேச்சு இல்லாத அண்ணனும்

கேள்வி: எனக்கு 49 வயசு. வீடு வித்த காசு தகராறுல அண்ணனோட ஏழு வருஷமா பேச்சு இல்ல. இப்ப அம்மா ராமேஸ்வரம் போகணுமாம், நாங்க ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்தாத்தான் வருவாங்களாம். போலாமா, இல்ல அம்மாவுக்கு மட்டும் ட்ரெயின்ல டிக்கெட் போட்டு அனுப்பிடவா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போங்க. ட்ரெயின்னா ஆளுக்கொரு பெட்டில ஏறி தப்பிச்சுக்கலாம், கார்ல அதுக்கு வழியே இல்ல, அதனாலதான் உங்கம்மா கார்னு சொல்றாங்கன்னு நினைக்கறேன். எங்கம்மாவும் இதையேதான் பண்ணாங்க.

மூணு வருஷம் முன்னாடி ஆடி மாசம், எனக்கு அப்ப 48. குத்தாலத்துல குளிக்கணும்னு ஆரம்பிச்சாங்க. வண்டி எங்கப்பாவோட மாருதி 800, எஃப்.சி. புதுப்பிச்சு வெச்சிருந்த பழைய வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர். சென்னைலேர்ந்து 600 கிலோமீட்டருக்கு மேல. நான் ஓட்டறேன், பக்கத்துல அம்மா, பின்னாடி ஆறு வருஷமா என்னோட பேசாத அண்ணன்.

பேசமாட்டானே தவிர பின் சீட்ல உக்காந்து வண்டி ஓட்டறத விடமாட்டான். "அம்மா, இடது பக்கம் லாரி வருதுன்னு அவன்கிட்ட சொல்லு." அம்மா வாயில இருக்கற வெத்தலைய ஒதுக்கிட்டு, "தம்பி, லாரி வருதாம்டா"ன்னு சொல்றதுக்குள்ள லாரி நம்மள தாண்டி அடுத்த ஊருக்கே போயிருக்கும். செங்கல்பட்டு வர்றதுக்கு முன்னாடியே டோல்ல என் ஃபாஸ்டேக்ல காசு இல்லன்னு நிறுத்திட்டாங்க, ரெண்டு மடங்கு கட்டணும். பின்னாடிலேர்ந்து ஒரு கை நோட்டோட நீளுது, "ரீசார்ஜ் பண்ணக்கூட துப்பில்லன்னு சொல்லு"ன்னு. அம்மா அதை மட்டும் சொல்லவே இல்ல. ஆனா அவன் சொன்னது எனக்கு நேராவே கேட்டுச்சே, கார் என்ன கல்யாண மண்டபமா!

உளுந்தூர்பேட்டை தாண்டி டெம்பரேச்சர் முள்ளு சிவப்புல போய் நின்னுடுச்சு. நான் பதட்டத்துல பானெட்ட தூக்கி ரேடியேட்டர் மூடில கைய வெக்கப் போனேன். "டேய், கைய எடுடா!" ஆறு வருஷத்துல அண்ணன் என்கிட்ட நேரா பேசின முதல் வார்த்தை இதுதான். சூட்டுல அந்த மூடிய திறந்தா கொதிக்கற தண்ணி மூஞ்சில அடிக்கும், தெரியும்ல. அப்பறம் அவனே பாத்து, ஃபேன் ஃப்யூஸ் போயிருக்கு, வேற ஃப்யூஸ் இல்லன்னு ஹார்னுக்கு இருந்தத பிடுங்கி ஃபேனுக்கு போட்டான். சூடு சரியா இறங்கறதுக்காக ஹீட்டர ஃபுல்லா வெச்சு ஓட்டச் சொன்னான், ஹீட்டர் எஞ்சின் சூட்டத்தான் உள்ள இழுக்குது, அது இன்னொரு சின்ன ரேடியேட்டர் மாதிரி. ஆக மதியம் ரெண்டு மணிக்கு, நாலு ஜன்னலும் திறந்து, ஹீட்டர் போட்டு, ரெண்டு அம்பது வயசு ஆம்பளைங்க பனியனோட போறோம், ஹார்ன் இல்ல, குறுக்க எது வந்தாலும் அம்மா தலைய வெளிய நீட்டி "தம்பீ, ஓரமாப் போப்பா!"ன்னு கத்தறாங்க. (இத யாரும் செய்யாதீங்க, ஒரு ஃப்யூஸ் விலை ஒரு டீ விலைதான் இருக்கும், டேஷ்போர்டுல நாலு வாங்கிப் போட்டு வைங்க.)

துவரங்குறிச்சில டீ குடிக்கறப்ப பேச்சு எப்படியோ செங்கோட்டை வீட்டுக்கு வந்துடுச்சு. அப்பா சம்பாதிச்சு கட்டின வீடு, உயில் இல்ல. ஆஸ்பத்திரி செலவு நான்தான் பாத்தேன் அதனால எனக்கு கூடன்னு அண்ணன், பாதிக்கு பாதின்னு நான், இதுதான் எங்க ஆறு வருஷம். கேக்கறவங்ககிட்டல்லாம் "அண்ணன் என்னை ஏமாத்திட்டான்"னு சொல்லி சொல்லி எனக்கே அது மனப்பாடம். அம்மா டம்ளர கீழ வெச்சுட்டு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க: "அது நாலு பங்குடா. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பங்குக்கு சண்டை போட்டீங்க. உங்கக்கா பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்த விடுதலைப் பத்திரத்த படிச்சுக்கூட பாக்கல, ஒரு பட்டுப்புடவைய குடுத்தீங்க, பேனாவ நீட்டினது நீதான்."

நான்தான். பேனா என் சட்டைப் பையிலேர்ந்து எடுத்தது, கலர்கூட ஞாபகம் இருக்கு. அக்கா அதுக்கப்பறம் ஃபோன் பண்றது குறைஞ்சப்ப "அவளுக்கு ஊர்ல வேலை ஜாஸ்தி"ன்னு நானே காரணம் கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன் பாருங்க, அதுதான் இன்னும் உறுத்துது. நான் ஏமாந்தவன்னு நினைச்சு சுத்திட்டு இருந்த ஆளு, ஏமாத்தினவன் லிஸ்ட்ல என் பேரு. அண்ணனும் ஒண்ணும் பேசல. மதுரை வரைக்கும் ஹீட்டர் சத்தம் மட்டும்தான், ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்கறப்ப "அக்காவுக்கு ரெண்டு கிலோவா வாங்கு"ன்னு சொன்னான், நேரா என்கிட்ட.

குத்தாலம் போகவே இல்ல. பக்கத்துல இலஞ்சில அக்கா வீட்டு வாசல்ல ராத்திரி பத்து மணிக்கு நின்னோம். கதவ திறந்தவ எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு கேட்டது, "ஹார்ன் என்னடா ஆச்சு? அம்மா கத்தறது தெருமுனையிலேயே கேட்டுச்சு." அப்பறம் சாப்பாடு போட்டா. பணம் பத்தி மறுநாள்தான் பேசினோம், வித்த விலைல அவ பங்கையும் அம்மா பங்கையும் கணக்குப் போட்டு தவணைல தர்றோம்னு சொன்னோம். அக்கா வேண்டாம்னு சொல்லுவான்னு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை எனக்கு இருந்துச்சு, பொய் சொல்லல. "வட்டி?"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா, ஆனா கேட்டா.

கேள்வி: அப்பா சொத்துல எனக்கு பங்கு இருக்குன்னு தெரியாம தம்பிங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன். இப்ப கேக்க முடியுமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: இந்து குடும்பத்துல அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துக்கு உயில் இல்லன்னா மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு, இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலேயே இருக்கு. பூர்வீகச் சொத்துல மகளுக்கு சம உரிமை தமிழ்நாட்டுல 1989ல வந்துச்சு, ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்ல. 2005ல மத்திய சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்த எடுத்துடுச்சு. 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. ஆனா பதிவான விடுதலைப் பத்திரம்னா அது சும்மா போகாது, ஏமாத்தி, மிரட்டி வாங்கினாங்கன்னு சிவில் கோர்ட்ல நிரூபிக்கணும், அந்த விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள வழக்கு போடணும். பத்திர நகலோட ஒரு வக்கீல பாருங்க. அதுக்கு முன்னாடி தம்பிங்கள ஒரே கார்ல ஏத்த முடியுமான்னும் பாருங்க.

கேள்வி: அந்த மாருதி இன்னும் இருக்கா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: இருக்கு. அண்ணன் வீட்டுல நிக்குது. ஹார்ன் ஃப்யூஸ் நான் வாங்கிக் குடுத்தேன், இன்னும் போடல, கேட்டா அம்மா இருக்காங்கல்லங்கறான்.