இணையம் வந்த பிறகும் டிவி சானல்கள் பிழைக்குமா? ஒரு கேபிள்காரரின் பதில்

கேள்வி இதுதான்: யூடியூப், ஓடிடி எல்லாம் வந்தாகிவிட்டது. சன் டிவி, விஜய் டிவி மாதிரி சானல்கள் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? வீட்டில் கேபிளை நிறுத்திவிடலாமா?

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் கேபிள் தொழில் செய்கிறேன். தொழில் மேல் பாசம் உண்டு. ஆனாலும் தினம் வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறேன். சானல்கள் பிழைத்துக்கொள்ளும். மாதாமாதம் சந்தா வாங்கிக்கொண்டு அவற்றை வயரில் கொண்டுவந்து தரும் எங்கள் தொழில்தான் இந்த உருவத்தில் நிற்காது.

எங்கள் ஆபீஸ் போனை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். முன்பெல்லாம் ஐபிஎல் நடக்கும்போது லைன் போனால் போன் ஓயாமல் அடிக்கும். 2023-இல் ஜியோ சினிமா மேட்சை இலவசமாகக் காட்டியதிலிருந்து அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. பையன்கள் டீக்கடை பெஞ்சிலேயே மொபைலில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் லைன் போகட்டும், உடனே தெருவே கூப்பிடும். "தம்பி, சீரியல் ஓடிக்கிட்டு இருக்குப்பா, சீக்கிரம் வந்து பாரேன்" என்பார்கள். அதே எபிசோடு ஆப்பில் கிடைக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். பேரப்பிள்ளைகள் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்த நேரத்திலேயே பார்த்தாக வேண்டும். மறுநாள் காலையில் குழாயடியிலும் நூறு நாள் வேலையிலும் பேச்சு அதைப் பற்றித்தான். பார்க்காதவர் அந்தப் பேச்சில் சேர முடியாது. ஊரே ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. ஓடிடியில் ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு நேரம்.

இன்னொன்று, என்ன பார்ப்பது என்று யோசிக்க வேண்டாத வசதி. ஒரு வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அம்மாவுக்குப் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போனார். போட்டதும் திரை முழுக்கப் படம் படமாக வரிசை கட்டி நிற்கும். எதை அமுக்கினால் சன் டிவி வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தப்பான பட்டனைத் தொட்டு சோர்ஸ் மாறிவிட்டால் 'நோ சிக்னல்' என்று வரும், என்னைக் கூப்பிடுவார். கடைசியில் டிவி ரிமோட்டை பீரோவுக்கு மேல் எடுத்து வைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் வேண்டிய சில பட்டன்களை மட்டும் விட்டு, மற்றவற்றின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது அவரே போட்டுப் பார்க்கிறார். இப்படிப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. அவர்களை மனதில் வைக்காமல் 'டிவி செத்துவிட்டது' என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது, முதல் நூறு சானலுக்கான அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ஆனது. கட்டணச் சானல்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சன் டிவி ஒன்றுக்கே அப்போது 19 ரூபாய். இன்னொரு பக்கம், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பகுதியில் கம்பங்கள் சாய்ந்தபோது பழைய கோஆக்ஸ் வயர் மொத்தமும் போனது. திரும்ப இழுக்கும்போது ஃபைபராகவே இழுத்தோம். இன்று அதே ஃபைபரில் டிவியும் போகிறது, நெட்டும் போகிறது. இளம் தம்பதிகள் இருக்கும் வீடுகளில் பாக்ஸை நிறுத்துகிறார்கள், நெட்டை நிறுத்துவதில்லை. நாடு முழுக்க இதே நிலைமைதான். 2020-இல் ஏழு கோடியாக இருந்த டிடிஎச் (வீட்டு மாடியில் டிஷ் வைத்துப் பார்க்கும்) இணைப்புகள் 2025-இல் ஆறு கோடிக்கும் கீழே வந்துவிட்டன.

சானல் முதலாளிகள் இதை எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்கள். 2022-இல் ஐபிஎல் உரிமை ஏலத்தில் இந்தியாவுக்கான டிவி உரிமை 23,575 கோடிக்குப் போனது, டிஜிட்டல் உரிமை 20,500 கோடிக்குப் போனது. அன்றைக்கு அவற்றை எடுத்தவை விஜய் டிவியை நடத்திய ஸ்டார், ஜியோ சினிமாவை நடத்திய வயாகாம்18 என்ற இரண்டு கம்பெனிகள். 2024 நவம்பரில் இரண்டும் இணைந்துவிட்டன. விஜய் டிவியும் ஜியோ ஹாட்ஸ்டாரும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். சன் குழுமமும் 2017-இலேயே சன் நெக்ஸ்ட்டைத் தொடங்கிவிட்டது. நீங்கள் எதில் பார்த்தாலும் காசு அவர்களுக்குத்தான் போகிறது.

ஆனால் எல்லாச் சானலும் தப்பிக்காது. பாட்டுச் சானல், காமெடிச் சானலுக்கெல்லாம் யூடியூப் இருக்கும்போது யார் காத்திருப்பார்கள்? 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கேட்ட அறிவிப்புக்கு இருந்த மவுசும் போய்விட்டது. நாலு வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. செய்திச் சானல்கள் யூடியூபில் இருபத்து நாலு மணி நேரமும் நேரலையில் ஓடுகின்றன. அவர்களுக்கு இனி என் வயர் தேவையில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு. நெட்டும் ஓடிடி சந்தாவும் கட்ட முடியாத வீடுகள் என்ன செய்யும்? வட இந்தியாவில் நிறைய வீடுகளில் தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. நம் முன்னணித் தமிழ்ச் சானல்கள் கட்டணச் சானல்கள் என்பதால் அதில் வருவதில்லை. ஒவ்வொரு குழுமமும் ஒரு பொழுதுபோக்குச் சானலையாவது இலவசமாக்கி அதில் விட வேண்டும். விளம்பர வருமானமும் குறையாது, ஏழை வீட்டில் டிவியும் நிற்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேபிளை நிறுத்தாதீர்கள். பெரிய பேக்கேஜை விட்டுவிட்டு அவர்கள் பார்க்கும் சானல்களை மட்டும் தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பில் குறையும். நீங்கள் மட்டும்தான் என்றால் தாராளமாக நிறுத்தலாம். மாதம் பிறப்பதற்கு முன்பே ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களிடம் வசூலிப்பதற்கு முன்பே அவர் எம்எஸ்ஓவுக்கு, அதாவது எங்களுக்குச் சிக்னல் தரும் பெரிய கேபிள் கம்பெனிக்குக் காசு கட்டியிருப்பார்.