ஐந்து ஃபண்டும் ஒன்றாக இறங்குவது ஏன்?

ஆறாவது ஃபண்டு வாங்க வேண்டாம். ஐந்து பங்கு ஃபண்டு (பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) இருந்தும் எல்லாம் ஒரே நாளில் இறங்குகின்றன என்கிறீர்கள். பெயர்தான் ஐந்து, உள்ளே பெரும்பாலும் அதே பங்குகள் இருக்கும்.

ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு ஃபண்டின் மாதாந்திர அறிக்கையிலும் உள்ள முதல் பத்துப் பங்குகளைச் சதவீதத்தோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே பங்கு ஐந்திலும் 8% இருந்தால், உங்கள் மொத்தப் பணத்திலும் 8% அதில்தான். பிரித்துப் போட்டதில் அந்த ஆபத்து கொஞ்சமும் குறையவில்லை.

அதற்காக உடனே விற்காதீர்கள். வெளியேறும் கட்டணம், வரி இரண்டையும் முதலில் பாருங்கள். அதுவரை புதுப் பணத்தை மட்டும் வேறு வகைக்குத் திருப்பலாம். அப்புறம் இன்னொன்று: பெரும் சரிவில் சம்பந்தமே இல்லாத பங்குகளும் சேர்ந்து விழும். அப்போது பெரும்பாலும் கைகொடுப்பவை வங்கி வைப்புநிதி, குறுகிய காலக் கடன் பத்திரம் போன்றவை.