உப்புநீரை உறையவைத்த மகளும் வீட்டு அடமானமும்

மகளுக்குக் கணினிப் பொறியியல் கிடைக்காவிட்டால் உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டு வந்த பெற்றோருக்கு முதலில் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டை அடமானம் வைப்பதற்கான தாள்களைத் தந்தை மேசைமேல் வைத்ததும் அதை நிறுத்திவிட்டேன். அதுவரை வாய் திறக்காத மகள், உப்புநீரைக் குளிர்பெட்டியில் வைத்து, உறைந்த ஏட்டை நாவில் வைத்தபோது கரிப்பு குறைந்திருந்ததே, அது ஏன் என்று என்னிடம் கேட்டாள்.

ஐயா, அந்தக் கேள்விக்கு விடை அவள் பெரியப்பா சொல்லும் கணினிப் படிப்பில் இல்லை. வேதிப் பொறியியலில் இருக்கிறது. எரிவாயுத் தொழிலைக் கொண்டே அதைச் சொல்கிறேன்.

இயற்கை எரிவாயுவைச் சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது எல்.என்.ஜி. எனப்படும் திரவமாகி, ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும்; கப்பலில் ஏற்றி அனுப்பலாம். ஆனால் அதனுடன் வரும் கரியமில வாயுவை முன்னதாகவே நீக்காவிட்டால், அது வழியில் உறைந்து, எரிவாயுவைக் குளிர்விக்கும் கருவியான வெப்பப் பரிமாற்றியை அடைத்துவிடும். அதை அமீன் என்னும் வேதிப்பொருளின் கரைசலில் உறிஞ்சி, பிறகு கரைசலைச் சூடாக்கிப் பிரிக்கிறார்கள்; பிரித்ததைக் காற்றில் விடாமல், நார்வேயின் ஸ்னோவிட் திட்டம் 2008 முதல் கடலடிப் பாறைக்குள் செலுத்திவருகிறது. ஆலையின் குளிர்விக்கும் இயந்திரங்களை ஓட்டும் டர்பைனின் புகையில் உள்ள கரியமில வாயுவைப் பிடிப்பதுதான் கடினம், ஏனெனில் அங்கே செறிவு மிகக் குறைவு. எனினும் அந்தப் புகையின் வெப்பத்தால் அமீனைச் சூடாக்கலாம், மிஞ்சியதைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கிக் குடிநீர் எடுக்கலாம்.

கப்பல் போய்ச் சேருமிடத்தில் திரவம் மீண்டும் வாயுவாகும்போது, அதன் குளிர்ச்சி பெரும்பாலும் கடலில் வீணாகிறது. அதைக் கொண்டு கடல்நீரை உறையவைத்தால், நீக்க வேண்டிய வெப்பம் ஆவியாக்கத் தேவைப்படுவதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். பனிப்படிகம் உப்பைத் தன்னுள் சேர்க்காது. உங்கள் மகள் நாவில் உணர்ந்தது இதைத்தான். ஆனால் படிகங்களுக்கிடையே ஒட்டிய உப்புநீரைக் கழுவவே நன்னீரில் ஒரு பகுதி செலவாகிவிடுவதால், கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கும் ஆர்.ஓ. முறையை இது இன்னும் வெல்லவில்லை. அவளைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பேன்.

கடன் விஷயத்தில் நான் இளகமாட்டேன்: எந்தப் படிப்புக்காகவும் வீட்டை அடகு வைக்காதீர்கள். எல்.என்.ஜி. என்று தலைப்பில் போட்டுக் கூடுதல் கட்டணம் கேட்கும் பட்டமும் வேண்டாம். வெப்பவியக்கவியலையும் பிரிப்பு முறைகளையும் ஒழுங்காகக் கற்றுத்தரும் பொதுவான வேதிப் பொறியியலே போதும், மைனஸ் 253 டிகிரியில் திரவமாகும் ஹைட்ரஜனுக்கும் அதே பாடந்தான். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிப் பார்க்காமல், ஆய்வகத்தில் வெப்பப் பரிமாற்றியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உறை போட்டு மூடிய கருவியைக் காட்டினால் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள்.