கடலோரப் புயலில் வளை தோண்டி வாழும் ஆமைகள் என்ன ஆகின்றன?

புளோரிடா கடற்கரை மணல்மேடுகளிலும் வளை தோண்டி வாழும் தரை ஆமைதான் கோபர் ஆமை. வளை சராசரியாக 4.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் ஆழம். உள்ளே இருக்கும் ஆமையைக் காற்று ஒன்றும் செய்யாது; ஆபத்து தண்ணீரால்தான். புயல் அலை மேட்டை அரித்து வளையின் வாயை மணலால் அடைத்துவிடும். கனமழையில் கிணற்று நீர் மேலேறுவதுபோல நிலத்தடி நீரும் வளைக்குள் ஏறும். வாய் அடைபட்டால் தட்டையான முன்னங்கால்களால் ஆமை தானே தோண்டி வந்துவிடும். உதவுவதாக நினைத்து மண்வெட்டி போடாதீர்கள், வளை சரியும். பெரிய அடி பிறகுதான் விழுகிறது. உப்புநீர் பட்ட புல் கருக, மேய்ச்சல் தேடி ஆமை சாலையைக் கடக்கிறது. வளை அழிந்தால், அதில் ஒதுங்கும் பாம்பு, தவளைகளுக்கும் இடம் போகிறது.

கடற்கரையில் கண்டால் கடலாமை என்று எண்ணித் தண்ணீரில் விடாதீர்கள்: இதற்குத் துடுப்பு இல்லை, நகமுள்ள கால்கள்தான், மூழ்கிவிடும்.